மேக்கணக்கு ரோட்டில் மத்தியாஸின் லொறி

மத்தியாஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்கலாமென்று கொண்டைமலைத் தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள். மஸ்கெலியாவிலிருந்து ஒன்பது மைல் ஏறிய கால்வலிதான் மிஞ்சும். கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லய வீடுகளில் அவன் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேற்பிரிவான மேக்கணக்கில் காறித் துப்புவார்கள். பன்னிரண்டு வருஷம் அந்தத் தோட்டத்து லொறியை ஓட்டியவன் அவன். அத்தனை வருஷமும் அவர்களை அவன் வெறுத்தான், அவர்களும் அவனை வெறுத்தார்கள். இதில் யாரும் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மீசை முளைக்கும் முன்பே ஹட்டன் முதலாளி ஒருவரின் லொறியில் கிளீனராகப் போய்ச் சேர்ந்தான். ஒருநாள் றம்பொடை வளைவில் டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. டிரைவர் இவனைக் காவலுக்கு வைத்துவிட்டு டயர் தேடிப் போனவர், மறுநாள் பொழுது சாயும்போதுதான் திரும்பி வந்தார். வழியில் போன ஒவ்வொரு வண்டிக்கும் இவன் கை காட்டிப் பார்த்தான். ஒருவன்கூட நிறுத்தவில்லை. ரோட்டில் நிற்பவனுக்கு இந்த மலையில் மனுஷ ஜாதி கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி பிறகு யாரும் எதுவும் செய்துவிடவும் இல்லை.

அதனால் கொண்டைமலை லொறி அவன் கைக்கு வந்தபோது, அதை யார் தயவும் வேண்டாத வண்டியாக ஆக்கினான். மற்றத் தோட்டத்து லொறிகளில் மாற்று டயர் ஒன்று இருந்தாலே பெரிய காரியம். இவனிடம் இரண்டு இருந்தன. தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி வாங்கிய இரண்டாவது டயர் அது. சீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் காற்றடிக்கும் பம்பு, டயர் நெம்பும் கம்பிகள், டியூப் ஒட்டும் பசை, ஒட்டுத் துண்டுகள், ஜாக்கி. சேற்றில் ஜாக்கி புதையாமலிருக்க அதன் அடியில் வைக்க இரண்டங்குலக் கனத்தில் ஒரு பலகை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டைகள். சங்கிலி, மண்வெட்டி, எட்டுக் காலிச் சாக்கு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே ஒரு தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். சத்தம் மந்தமாக இருந்தால் அப்போதே பம்பை எடுத்துவிடுவான். அவன் மனைவி பெற்றீசியா, "சாமி கும்பிடுறதுக்குக்கூட இவரு இம்புட்டு நேரம் எடுக்கிறதில்ல" என்பாள். கொண்டைமலையில் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

அவனுக்கு அந்தத் தயாரிப்பு தேவைதான். மேக்கணக்கு ரோடு என்று பேர்தான் ரோடு. மலையைச் செதுக்கி மாட்டு வண்டிக்காகப் போட்ட தடம் அது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் பாதி ரோடு பள்ளத்துக்குப் போய்விடும், மீதிப் பாதி சேறாகிவிடும். கவ்வாத்து வெட்டிய மலைப்பக்கம் போனால் இன்னொரு வில்லங்கம் உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் விழும் குச்சிகளை மிலாறு என்பார்கள். கத்தியால் சாய்த்து வெட்டுவதால் ஒவ்வொரு மிலாறுக்கும் முனை கூராக இருக்கும். அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது, டயருக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. வெளியூர் டிரைவர்கள் சேற்றில் புதைந்தால் கைக்கெட்டின மிலாறை அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, இரண்டு டயரையும் கிழித்துக்கொண்டு நிற்பார்கள். மத்தியாஸ் அந்த முட்டாள்தனத்தைச் செய்ததே இல்லை.

சேற்றில் லொறி புதைந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் மூன்று தடவை நீளமாக ஹோர்ன் அடிப்பார். பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளிவிடுவார்கள். யாரும் கட்டளை போட்டு வந்த வழக்கமல்ல. தள்ளிவிட்டவர்களை டிரைவர் அன்றைக்கு லயம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான். மத்தியாஸ் ஏழு வருஷமாக அந்த மூன்று ஹோர்னை அடித்ததில்லை. தானே வெட்டுவான், தானே சாக்குப் போடுவான், தானே ஏறி ஓட்டிக்கொண்டு போவான்.

ஏன் ஏழு வருஷம் என்றால், நாற்பத்தொன்பதில் நடந்தது ஒரு காரியம். மேக்கணக்கு அம்மாக்கண்ணுவின் குழந்தைக்குக் காய்ச்சல். ரோட்டோரத்தில் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, கொழுந்துச் சாக்கின் மேல் ஏற்றி டிஸ்பென்சரியில் இறக்கிவிட்டான். லொறியில் ஆள் ஏற்றக் கூடாதென்பது தோட்டத்துச் சட்டம். சட்டத்தை எல்லா டிரைவரும் மீறுவார்கள், எல்லாக் கணக்கப்பிள்ளையும் பார்க்காததுபோல் இருப்பார்கள். மேக்கணக்கு வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமி மட்டும் பார்த்துவிட்டார். ஆபீசில் விசாரணை நடந்தது. "காசு வாங்கிக்கிட்டுத்தான் ஏத்துனாரு" என்று அம்மாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஒரு சதம்கூட அவன் வாங்கவில்லை. முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுநாளே வெள்ளைச் சாயம் வாங்கி லொறியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் எழுதினான்: ஆள் ஏற்றப்படமாட்டாது.

எழுதினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் அதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கவும் செய்தான். ஒரு பொய் சொன்னவள் ஒருத்தி, தண்டனை கணக்கு முழுவதற்கும். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் பிள்ளை வலி கண்ட பூரணியைக் கம்பளியில் தொட்டில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் மத்தியாஸின் லொறி காலியாக இறங்கி வந்தது. பூரணியே கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி, "ஏத்திக்கங்க அண்ணே" என்று கத்தினாள். அவன் ஹோர்ன் அடித்து அவர்களை ஒதுங்கச் செய்துவிட்டுப் போனான். குழந்தை ரோட்டிலேயே பிறந்தது, ரோட்டிலேயே செத்தது. தகவல் கேட்ட பெற்றீசியா அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஈவிரக்கமில்லாத செயல் அது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவனிடமும் இருக்கவில்லை. ஆனாலும் நெற்றியில் எழுதியதை அவன் அழிக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் உதவி மேனேஜராகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தான். வந்த ஒரு மாதத்தில் ஒரு சட்டம் போட்டான். பகல் கொழுந்து மூன்று மணிக்குள் தேயிலை ஆலையான ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும். பச்சைக் கொழுந்து சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும், தூள் கெடும். சரியான சட்டம்தான், காய்ந்த ரோட்டுக்கு. சித்திரை மாதத்தில் ஒருநாள் லொறி பிந்தியதற்கு இரண்டாவது கடிதம் வந்தது. அதன் கீழே, இன்னொரு தடவை பிந்தினால் பத்துச்சீட்டு என்று எழுதியிருந்தது. பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, குடியிருக்கும் வீடும் போச்சு. பெற்றீசியாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சட்டிபானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். கணக்கப்பிள்ளை செல்லசாமியின் அக்காள் மகன் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம். பதினோரு நாளாக விடாத மழை. மேக்கணக்கின் கொழுந்துக் கொட்டகையான மடுவத்தில் பகல் கொழுந்தை நிறுத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். செல்லசாமி வேண்டுமென்றே ஒவ்வொரு சாக்கையும் இரண்டாவது தடவை நிறுக்கச் சொன்னார்.

"மணி ஒண்ணு ஆச்சு கணக்கப்புள்ள. மூணு மணிக்குள்ள நான் ஸ்டோர்ல நிக்கணும்" என்றான் மத்தியாஸ்.

"நீதான் எல்லாத்துக்கும் சாமான் வச்சிருக்கிற ஆளாச்சே. பறந்து போக ஒரு சாமான் வாங்கி வைக்கலியா?" என்று செல்லசாமி வெற்றிலை மென்றார்.

ஒன்று ஐந்துக்கு லொறி புறப்பட்டது. வழக்கமாக ஐம்பது நிமிஷத்து வழி. அரை மைல் தாண்டுவதற்குள் முன் டயர் கூர்ங்கல்லில் ஏறிக் காற்று இறங்கியது. மத்தியாஸ் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினான். சக்கரத்துக்குக் கட்டையை அண்டை கொடுத்தான். லொறியைத் தூக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்திக்கொண்டான். பலகை போட்டு, ஜாக்கி வைத்து, டயரை மாற்றிப் பதினைந்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். இரண்டாம் மைலில் மண்மேடு சரிந்து, கவ்வாத்து மலையின் மிலாறை ரோட்டில் கொட்டியிருந்தது. இறங்கிக் கையாலேயே ஒதுக்கினான். சேற்றுக்குள் புதைந்திருந்த ஒரு குச்சி கண்ணுக்குத் தப்பிவிட்டது. பின் டயர் போனது. அதையும் மாற்றினான். இப்போது நல்ல டயர் மிச்சமில்லை, மணி ஒன்று ஐம்பத்தேழு. இன்னும் நேரம் இருந்தது.

மதகு வளைவில்தான் மாட்டிக்கொண்டான். ரோட்டின் பள்ளத்துப் பக்கம் ஊறிப்போய்க் கிடந்தது. பின் சக்கரம் அச்சு வரை இறங்கியது. காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான். டயர் அகன்று பிடிக்கும் என்ற கணக்கு. பிடிக்கவில்லை. மண்ணை வெட்டினான், சங்கிலி கட்டினான், எட்டுச் சாக்கையும் போட்டான். எட்டையும் சேறு தின்றது. ஜாக்கிப் பலகையைப் போட்டான். அது நழுவிப் பள்ளத்துக்குப் போய் விழுந்தது. லொறி ஓர் அடி பள்ளத்துப் பக்கம் சரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மிலாறு குவிந்து கிடந்தது, அதைத் தொட முடியாது. சக்கரத்துக்கு அடியில் போட மானாப்புல் வேண்டும். அது மேட்டுக்கு மேல் கொழுந்து மலையில் இருந்தது. தள்ளுவதற்கு இருபது ஆளாவது வேண்டும். அவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு இருபத்தைந்து. ஹோர்னின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மூன்று தடவை நீளமாக அடித்தான்.

மேட்டின் விளிம்பில் தலைகள் தெரிந்தன. கம்பளி போர்த்து, இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய இருபத்திரண்டு பெண்கள். அவர்களுடைய கங்காணி அழகன் குடையோடு நின்றார். யாரும் இறங்கவில்லை. முன்னால் நின்றவள் அம்மாக்கண்ணு.

"யாரு அடிச்சா ஹோர்னு? நம்ம டைவரா? இருக்காதே. அவருக்குத்தான் நம்ம கையி ஆகாதே" என்றாள்.

"லொறி சரியுதும்மா. கொஞ்சம் புல்லறுத்துப் போட்டுத் தள்ளிவிடுங்க."

"மூஞ்சியில எழுதியிருக்கியே, அதை வாசிச்சுச் சொல்லு. எனக்கு எழுத்துத் தெரியாது."

மத்தியாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுத வச்சவ நீ! காசு வாங்குனேன்னு ஆபீசுல நின்னு சொன்னியே, உன் வாய் அழுகலியா?"

"அழுகிச்சு! பேரை வெட்டி லயத்தவிட்டு வெரட்டிருவேன்னு கணக்கப்புள்ள சொன்னான், சொன்னேன். மூணு புள்ளையோட நான் எங்க போவேன்? பொய் சொன்னவ நான். என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கணும் நீ. இவ என்ன பண்ணுனா ஒனக்கு?"

அவள் பக்கத்தில் நின்ற பூரணியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பூரணி மத்தியாஸைப் பார்க்கவில்லை. லொறியைத்தான் பார்த்தாள்.

அழகன் கங்காணிதான் நடுவில் புகுந்தார். "சண்டைய அப்புறம் வச்சிக்கங்க. கொழுந்து செவந்துச்சின்னா சின்னத்துரை நம்ம கணக்குக்கே அரைப் பேர் போடுவான். நாள் முழுக்க நனைஞ்சதுக்கு அரை நாள் சம்பளம். எறங்குங்க. இந்த மலையும் முடிஞ்சிருச்சு, நம்மளும் கீழ ஏழாம் நம்பர் மலைக்குப் போகணும்."

"அரைப் பேருக்காக எறங்குறோம் டைவரே" என்றாள் அம்மாக்கண்ணு. "ஒனக்காகன்னு நெனச்சிக்கிறாத."

மானாப்புல் கட்டுக்கட்டாக வந்து விழுந்தது. முதல் கட்டை அறுத்துப் போட்டவள் பூரணி. மத்தியாஸ் ஏறி எஞ்சினை முடுக்கினான். பின்னால் இருபத்திரண்டு பெண்களும் தோள் கொடுத்தார்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு வசை வந்தது. அவன் அப்பனை, அவன் பாட்டனை, அவன் பிறந்த பூண்டுலோயாவை எல்லாம் இழுத்தார்கள். சக்கரம் சுழன்று அவர்கள் முகத்தில் சேற்றை வாரியடித்தது, வசை இன்னும் உரத்தது. மூன்றாம் தள்ளலில் லொறி உலுக்கிக்கொண்டு மேலே ஏறியது.

அந்தச் சேற்றில் ஏறிய வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி புதையும். அரை மைல் தள்ளிக் கற்பாறைத் தரை வரும் வரைக்கும் ஓட்டித்தான் ஆக வேண்டும். பின்னாலிருந்து, "பாத்தியா, போறான் பாரு!" என்ற கூச்சல் அவனுக்குக் கேட்டது. அவன் ஓட்டிக்கொண்டே போனான்.

பாறைத் தரையில் நிறுத்தி, இறக்கிய காற்றைப் பம்பால் அடித்து ஏற்றினான். தடியால் தட்டிப் பார்த்தான், சத்தம் சரியாக இருந்தது. மணி இரண்டு நாற்பத்து நான்கு. அங்கிருந்து ஸ்டோருக்குப் பதினைந்து நிமிஷம். இப்போதே கிளம்பினால் ஒரு நிமிஷம் மிச்சம். அவன் ஏறி உட்கார்ந்தான், எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பாமல் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பர் மலைக்கு இந்த ரோட்டில்தான் அவர்கள் வர வேண்டும். இங்கிருந்து இன்னும் அரை மைல், கொட்டுகிற மழை. பத்துச்சீட்டும் பெற்றீசியாவின் முகமும் மனதில் வந்தன. கை கியருக்குப் போயிற்று, திரும்பி வந்தது. போய்த் தொலையட்டும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்பலகையைத் திறந்தான். சாக்குகளை ஒதுக்கி உட்கார இடம் பண்ணினான். முன் சீட்டைத் தன் கம்பளியால் துடைத்தான்.

இரண்டு ஐம்பத்து நான்குக்கு வளைவில் அவர்கள் தெரிந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு, முதுகில் கூடை. லொறி நிற்பதைப் பார்த்து ஒரு கணம் நடை தயங்கியது.

"ஏறுங்க" என்றான் மத்தியாஸ். "ஏழாம் நம்பர்ல எறக்கி விடுறேன். எல்லாரும் ஏறுங்க."

அம்மாக்கண்ணு அவனைக் கடந்து நடந்தாள். "ஆளு ஏத்தக்கூடாதுல்ல. சட்டம் இருக்குல்ல டைவரே" என்று திரும்பாமலே சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி திறந்த பின்பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அழகன் கங்காணி குடையைத் தாழ்த்திக்கொண்டு போனார். கடைசியாக வந்தவள் பூரணி.

அவன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "நீயாவது ஏறும்மா. முன்னுக்கு ஒக்காரு."

பூரணி நின்றாள். துடைத்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நான் அன்னைக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்று பத்துக்கு லொறி ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. சின்னத்துரை கைக்கடிகாரத்தை மத்தியாஸின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் பேசும் தமிழ் அதட்டுவதற்காக மட்டுமே படித்தது.

"ஏன் லேட்டு?"

பழுதான டயர் இரண்டு லொறியில் கிடந்தன. அச்சு வரை சேறு அப்பியிருந்தது. அவற்றைக் காட்டிக் கெஞ்சியிருக்கலாம், ஒருவேளை பலித்திருக்கவும் கூடும். மத்தியாஸுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"ஆளு ஏத்துறதுக்காக நின்னேன் தொரை."

சின்னத்துரை பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். கொழுந்துச் சாக்குகளும், ஒதுக்கி வைத்த வெற்றிடமும்தான் இருந்தன.

"எந்த ஆளு? ஒருத்தரும் இல்லே!"

"ஆமாங்க தொரை" என்றான் மத்தியாஸ். "ஒருத்தரும் ஏறல்ல."